பாபியாக்கும் அமெரிக்க மண்டபமும்

கழிவுத்தொட்டியின் மூடியைத் தூக்குவதற்கு முன் ஒரெஸ்ட் பாபியாக் கால்களை நன்றாக அகட்டி வைப்பார். இடுப்பை மடித்துக் குனிவார். மூடியின் வளையத்தில் இரண்டு கைகளையும் கொடுத்தபின், தலையைக் கவிழ்த்து, தன் தொடைகளுக்கு நடுவே பின்பக்கம் ஒரு முறை பார்ப்பார். அங்கே வைக்கோல் உருளைகள் இருக்கும். இல்லாவிட்டால் வீட்டுக்காரரின் நாய் இருக்கும். பார்த்துவிட்டுத்தான் தூக்குவார்.

பதினோரு பருவங்கள் அந்த இடத்தில் என் அப்பா நின்றார்.

தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்துக்காக மோதும் எங்கள் ஃபுட்பாலில் பாபியாக் சென்டர். குனிந்து நின்று, பந்தைத் தன் கால்களுக்கு நடுவே பின்னால் கொடுப்பவர். அதை வாங்கி எறிகிறவர் குவார்ட்டர்பேக். கனடாவில், ரெஜைனாவின் பச்சை அணியில் அது அப்பா, லூஷியஸ் திபோ. பாபியாக்குக்கு அவர் லூ, அவருக்குப் பாபியாக் ஓரி. வாங்குகிறவர், கொடுக்கிறவரின் பின்புறத்துக்கு அடியில் கைகளை விரித்து வைத்துக் காத்திருக்க வேண்டும். "உங்கப்பன் கை எனக்குத் தெரிஞ்ச மாதிரி எவனுக்கும் தெரியாது. உங்கம்மாவுக்கும்தான்" என்பார் பாபியாக். அம்மா உயிரோடு இருந்தபோது அவர் முன்னாலேயே சொல்வார். "நவம்பர் மாசம் எப்படி இருக்கும் தெரியுமா? ஐஸ் பெட்டியிலேருந்து எடுத்த ரெண்டு மீனை வச்ச மாதிரி."

இப்போது அவருக்கு எழுபத்து மூன்று வயது. சாக்கடை இணைப்பு எட்டாத பண்ணை வீடுகளின் தொட்டிகளை உறிஞ்சி எடுப்பது தொழில். பச்சை டாங்கர் லாரி. அதன் பின்னால் 'நெருங்காதீர், நிரம்பியிருக்கிறேன்' என்று எழுதியிருக்கும். லாரி காலியாக இருக்கும் நாட்களில் அது ஓட்டுநரைக் குறிக்கும் என்பது ஆர்லீனின் கருத்து. ஆர்லீன் அவர் மனைவி.

எனக்கும் குழாயோடுதான் பிழைப்பு. எரிவாயுக் குழாய்களின் அழுத்தத்தைச் சோதிக்கும் பொறியாளர். அதில் பாபியாக்குக்கு ஒரு சொந்தம். "உன் குழாய்ல நாத்தம் வந்தா ஊரே ஓடுது. என் குழாய்ல நாத்தம் வரலைன்னாத்தான் எனக்குக் கவலை. நம்ம ரெண்டு பேர்ல யாரு நிம்மதியா தூங்குறோம் சொல்லு, ரெமி" என்பார்.

எங்கள் ஆட்டத்தில் பத்து கஜம் முன்னேற மூன்று வாய்ப்புகள். அமெரிக்காவில் நான்கு. உண்மையில் எங்களுக்கு இரண்டுதான். இரண்டிலும் முடியாவிட்டால், மூன்றாவதில் பந்தைத் தூர உதைத்து எதிரியிடம் தள்ளிவிடுவோம். பாபியாக் மற்ற காரியங்களையும் இந்த விதிப்படியே நடத்துகிறார். துருப்பிடித்த மரையை இரண்டு தடவை திருகிப் பார்ப்பார். மூன்றாவது தடவை உதைப்பார். கடையில் காபி வேண்டும் என்று இரண்டு தடவை சொல்வார். மூன்றாவது தடவை எழுந்துபோய்த் தானே ஊற்றிக்கொள்வார். ஆர்லீனிடம் கல்யாணத்துக்குக் கேட்டதும் இரண்டே தடவை. "மூணாவது தடவை கேக்கமாட்டேன்னு அவளுக்குத் தெரியும். அதான் ரெண்டாவதுலயே சரின்னுட்டா" என்பது அவர் தரப்பு. "வெளில மைனஸ் முப்பது. கதவைச் சாத்தணும். சரின்னேன்" என்பது ஆர்லீன் தரப்பு.

எங்கள் ஊரான ஆல்டர்வேலில் காலை நேரத்துக் காபி மேஜை கூட்டுறவுக் கடையின் ஜன்னலோரம் இருக்கிறது. எந்த நாற்காலி யாருடையது என்று எழுதி வைக்கவில்லை. மாற்றி உட்கார்ந்து பார்த்தால் தெரியும். பாபியாக்குக்கு எதிர் நாற்காலி டுவேன் லைப்பெல்லுக்கு. டிராக்டர் விற்பவர். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அமெரிக்க ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை அங்கேயே பிறந்தவர் போல வந்து உட்காருவார். டெக்சாஸ் அணி ஒன்றின் சட்டை போட்டிருப்பார். டெக்சாஸை அவர் பார்த்ததில்லை. ஒரு முறை மினசோட்டாவில் பல் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

அந்த மேஜையில் முப்பது வருடமாக ஒரே வழக்கு. ஒஹாயோவில் அமெரிக்கர்கள் கட்டி வைத்திருக்கும் ஃபுட்பால் புகழ் மண்டபத்தில், கனடாவில் மட்டுமே ஆடிய நட்சத்திரங்களுக்கு இடம் தரலாமா, கூடாதா? பெயர் சொல்லாமல்தான் பேசுவார்கள். யாரைப் பற்றிய பேச்சு என்பது மேஜைக்குத் தெரியும். அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருப்பார்.

"அங்க ஆடினாத்தான்யா ஆட்டம். நாம ஆடுறது உடற்பயிற்சி" என்பார் டுவேன்.

"நாலு சான்ஸ் கேக்குறவன்கிட்ட, மூணுல முடிக்கிறவன் போயி சர்டிஃபிகேட் வாங்கணுமா? அவங்க மைதானத்தைப் பாத்திருக்கியா? எங்க வீட்டு அடுப்படி அதைவிட அகலம். அதுல பதினோரு பேரை விட்டு, நெருக்கமா இருக்குன்னு அழுறானுங்க" என்பார் பாபியாக்.

"கோலுக்கு உதைச்சு, குறி தப்பினாலும் ஒரு பாயிண்ட் குடுக்கிறீங்களேய்யா. உலகத்துல வேற எங்கயாவது உண்டா?"

"முயற்சிக்கு ஒரு மரியாதை வேண்டாமா? உன் பொண்டாட்டி உன்னை வீட்ல வச்சிருக்கிறதே அந்த ரூல்படிதான், டேய்."

மேஜை சிரிக்கும். அப்பாவும் சிரிப்பார். கடலைத் தோலைக் கைக்குட்டையில் சேர்த்துக்கொண்டு எழுந்து போவார்.

அப்பா லூயிசியானாக்காரர். கல்லூரியில் எறிந்த எறியைப் பார்த்து, தெற்கத்தி அணி ஒன்று பயிற்சி முகாமுக்கு அழைத்தது. முதல் நாளே பந்தைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள். கால் நன்றாக இருக்கிறது, ஓடிப்போய்ப் பிடி, எறிவதற்கு யோசிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்றார்கள். அன்றைக்குக் கறுப்பு இளைஞர்கள் பலருக்கும் சொல்லப்பட்டதுதான். பலர் ஓடிப்போய்ப் பிடித்தார்கள். அப்பா வடக்கே பஸ் ஏறினார். கோடையில் ரெஜைனாவில் இறங்கியவர், குளிர்காலம் என்று ஒன்று வரும் என யாரும் தன்னிடம் சொல்லவில்லை என்பதைக் கடைசிவரை குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பதினோரு பருவம் எறிந்தார். இரண்டு கோப்பைகள். ஆட்டம் இல்லாத மாதங்களில் பள்ளிக்கூடத்தில் இயற்பியல். இந்த நாட்டின் மண்டபத்தில் அவருக்கு வெண்கலத் தலை உண்டு. அதைத் திறந்துவைத்த அன்று பாபியாக் எல்லாரிடமும் கேட்ட கேள்வி: "சென்டருக்குச் சிலை வச்சா எந்தப் பக்கத்தை வைப்பாங்க? இவன் பதினோரு வருஷமா பாத்த பக்கத்தையா?"

அப்பா மார்ச்சில் இறந்தார். மண் உறைந்து கிடந்தது. இங்கே மார்ச்சில் இறப்பவர்கள் குழிக்காக மே வரை காத்திருப்பது வழக்கம். பாபியாக் கல்லறைத் தோட்டத்துக்கு லாரியைக் கொண்டுவந்தார். உறைந்த கழிவுக் குழாய்களை இளக்கும் நீராவிக் குழாயை அவிழ்த்து, ஒரு பகல் முழுக்க அந்த ஆறடியில் பாய்ச்சினார். பாதிரியார் முகம் சுளித்தார். "கழுவித்தான் கொண்டாந்திருக்கேன் ஃபாதர்" என்றார் பாபியாக். பிறகு என்னிடம் தனியாக, "ரொம்ப நாள் காத்துக் கிடந்தவன். இதுக்குமா காத்துக் கிடக்கணும்?" என்றார்.

அப்போது எனக்கு அது விளங்கவில்லை.

ஒஹாயோ மண்டபத்துக்கு யார் வேண்டுமானாலும் ஒரு பெயரைப் பரிந்துரைக்கலாம். அப்பாவின் பெயருக்கு நான் ஒரு பரிந்துரை தயார் செய்திருந்தேன். அந்த மண்டபத்தின் பெயரில் எந்த நாட்டின் பெயரும் இல்லை. ஃபுட்பாலைத் தொழிலாக ஆடியவர்களுக்கு என்றுதான் இருக்கிறது. அப்பா சம்பளம் வாங்கினார். குறைவு, ஆனாலும் சம்பளம். எண்களையெல்லாம் அடுக்கினேன். எண்களை அவர்கள் நம்பமாட்டார்கள் என்பதும் தெரியும். மைதானம் பெரியது, ஆட்கள் அதிகம், வேறு ஆட்டம் என்பார்கள். கூட நின்ற ஒருவர் முகத்தைக் காட்டிப் பேசிய வீடியோ ஒன்று வேண்டும். கூட நின்றவர்களில் உயிரோடு இருப்பவர், நேற்றுச் சொன்னதை இன்றைக்கு ஞாபகம் வைத்திருப்பவர், பாபியாக் ஒருவர்தான். தலையால் மோதும் ஆட்டம் அது.

அடக்கம் முடிந்த வாரத்தில் ஒரு தடவை கேட்டேன். "போடி" என்றார்.

ஜூலையில் ஒரு பண்ணை வீட்டுத் தொட்டிக்கு அருகே வைத்து இரண்டாவது தடவை கேட்டேன். உறிஞ்சு குழாயை நிறுத்திவிட்டு வந்தார்.

"உங்கப்பன் வருஷத்துக்கு ஒரு தடவை என் ஷெட்டுக்கு வந்து காருக்கு எண்ணெய் மாத்துவான். தெரியுமா உனக்கு?"

"காருக்கு எண்ணெய் மாத்துறது நல்லதுதானே, அங்கிள்?"

"மூணு வாரம் முன்னாடிதான் வேற இடத்துல மாத்தியிருப்பான். எண்ணெய் தேன் மாதிரி இருக்கும். அது பிப்ரவரி மாசம் அந்த ஒஹாயோக்காரனுங்க புதுப் பேரு சொல்ற நாளு. வீட்ல இருந்தா ஃபோனைப் பாத்துக்கிட்டே இருக்கணுமே. அதான் என்கிட்ட வருவான். ஒண்ணும் சொல்லமாட்டான். நான் காருக்கு அடியில படுத்துக்கிட்டு அந்த மண்டபத்தைத் திட்டிக்கிட்டே இருப்பேன். நமக்கு எதுக்குடா அது, அவனுங்க எல்லாம் ஒரு ஆளா, அது மண்டபமா மாட்டுக் கொட்டகையான்னு. சாயங்காலம் ரேடியோவுல பேரெல்லாம் சொல்லி முடிச்சதும், தேங்க்ஸ் ஓரின்னுட்டுப் போயிடுவான்."

அவர் குழாயின் முனையை லாரியில் மாட்டினார்.

"உயிரோட இருந்தவரைக்கும் வெளில நின்னான். செத்ததுக்கு அப்புறமும் அவனை அந்த வாசல்ல கொண்டுபோய் உக்காத்தி வைக்கணுமா? நான் மாட்டேன், ரெமி."

என் இரண்டு வாய்ப்புகளும் முடிந்தன. அவர் விதியை நான் மதிக்கிறேன். மூன்றாவது தடவை கேட்கவில்லை.

அக்டோபரில், அறுவடை முடிந்ததும், ஆல்டர்வேலின் சமூகக் கூடத்தில் வான்கோழி விருந்து. ஊர் மொத்தமும் வரும். நீள மேஜைகள், வரிசையாகப் பாத்திரங்கள். வான்கோழி, உருளை மசியல், முட்டைக்கோஸ் இலையில் சோற்றை வைத்துச் சுருட்டியது, பெயர் தெரியாத பச்சை ஜெல்லி, சாஸ்கட்டூன் பழத்தை மாவுக்குள் வைத்துச் சுட்ட 'பை' பலகாரம். பாபியாக்கை ஆர்லீன் உணவுப் பாத்திரங்கள் பக்கம் விடுவதில்லை. கார்களை ஒழுங்குபடுத்தி நிறுத்தும் வேலை மட்டும்தான். தன் லாரியை நாற்றம் கூடத்துக்கு வராத பக்கமாக நிறுத்திவிட்டு வந்து, எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முட்டைக்கோஸ் சுருளைக் குவித்துக்கொண்டார். எதிரே டுவேன்.

டுவேன் கெட்டவர் இல்லை. எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டும் என்று நினைத்தார். 'பை'யில் பாதியை விழுங்கிவிட்டுச் சொன்னார்.

"ஏம்மா, ஒஹாயோவுக்கு என்னவோ அனுப்பப் போறியாமே. மனசைப் போட்டு அலட்டிக்காதே. உங்கப்பா இங்க ராஜா. அதுல சந்தேகமே இல்லை. அங்க போயிருந்தா பெஞ்சைத் தேச்சிருப்பாரு, அவ்வளவுதான். அதுல என்ன கேவலம்? பாபியாக்கே அதைத்தானே சொல்றாரு."

பாபியாக்கின் முள்கரண்டி பாதி வழியில் நின்றது.

"நான் என்ன சொன்னேன்?"

"அதான்யா. அந்த மண்டபம் நமக்கு வேண்டாம், நமக்கு எதுக்குன்னு."

"வேண்டாம்னேன். அவன் அதுக்கு லாயக்கில்லைன்னா சொன்னேன்?"

"எட்டாததைத்தானே வேண்டாம்பாங்க." டுவேன் குரலில் கேலி இல்லை. உண்மையாகவே விளக்கினார். "முப்பது வருஷமா நீ அதைத்தானே சுத்தி வளைச்சுச் சொல்றே. சிநேகிதனை நேரடியா சொல்ல முடியாதேன்னு. நாங்க எல்லாரும் அப்படித்தான் எடுத்துக்கிட்டோம். நல்ல மனுஷன்யா நீ."

"எல்லாருமா?"

பாபியாக் மேஜையைப் பார்த்தார். காலை நேரத்து மேஜை முழுவதும் அங்கே உட்கார்ந்திருந்தது. ஒருவர் மீதமிருந்த 'பை'யை ஆராய்ந்தார். ஒருவர் உப்பு ஜாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இல்லை என்று ஒருவரும் சொல்லவில்லை.

"மடப்பசங்களா" என்றார் பாபியாக். வழக்கமான குரல் இல்லை. "அவன் நாப்பது கஜத்துல எறிஞ்சா, பிடிக்கிறவன் கையை நீட்டவே வேண்டாம்டா. நெஞ்சுல வந்து உக்காரும். எதிர்க்காத்துல. அஞ்சு பேர் என் முதுகு மேல ஏறி வருவானுங்க. அவன் நகரமாட்டான். என் பின்னாடி அவன் மூச்சு எனக்குக் கேக்கும். ஒரு தடவைகூட அது வேகமா போனதில்லை. அங்க இருந்தவனுங்கள்ல எவனுக்குடா அந்த மூச்சு?"

"அதை நீ சொன்னதே இல்லையே" என்றார் டுவேன்.

கூடத்தில் மற்ற மேஜைகளில் சத்தம் தொடர்ந்தது. யாரோ குலுக்கல் சீட்டு எண்ணைக் கூவினார்கள். பாபியாக் என் பக்கம் திரும்பினார். அவர் தாடையில் குழம்பு ஒட்டியிருந்தது.

"ரெமி. லூவும் அப்படித்தான் எடுத்துக்கிட்டானா?"

எண்ணெய் தேன் மாதிரி இருந்த அத்தனை பிப்ரவரிகளும் அந்தக் கேள்விக்குள் இருந்தன. காருக்கு அடியிலிருந்து, நமக்கு எதுக்குடா அது, என்று ஒரு குரல். காருக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்த ஒருவர். இல்லவே இல்லை, அங்கிள், என்று சொல்ல எனக்கு வாய்வரை வந்தது. அப்பா இதைப் பற்றி என்னிடம் ஒரு சொல்லும் பேசியதில்லை. அளக்காத அழுத்தத்தை அளந்ததாக நான் எங்கேயும் சொன்னதில்லை.

"தெரியாது" என்றேன்.

தலையை ஆட்டினார். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். தட்டைக் கழுவுமிடத்தில் வைக்காமல் கையோடு கொண்டுபோனார். பின்கதவு சாத்திக்கொண்டது.

"நான் தப்பா ஒண்ணும் சொல்லலையே" என்றார் டுவேன்.

"சாப்பிடுங்க" என்றார் ஆர்லீன், இரண்டாவது 'பை'யை டுவேன் முன்னால் ஓசையோடு வைத்து. "வாய் சும்மா இருந்தா உங்களுக்கு ஆகாது."

என்னைப் பார்த்துக் கண்ணால் கதவைக் காட்டினார்.

வெளியே அறுத்த கோதுமை வயல்மேல் வெயில் படுத்திருந்தது. பாபியாக் லாரியின் படியில் உட்கார்ந்திருந்தார். தட்டு மடியில். முட்டைக்கோஸ் சுருள்கள் அப்படியே இருந்தன. நான் பக்கத்தில் போய் நின்றேன். கூடத்துக்குள் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"நீ மூணாவது தடவை கேக்கவே இல்லையே" என்றார்.

"நீங்க உதைப்பீங்க."

"ஆமா." சுருள் ஒன்றைக் கையால் எடுத்துக் கடித்தார். மெதுவாக மென்றார். "அவனுங்க ஏத்துக்குவானுங்களா?"

"மாட்டாங்கன்னுதான் நினைக்கிறேன்."

"எத்தனை தடவை அனுப்பலாம்?"

"வருஷா வருஷம் அனுப்பலாம்."

"இந்தப் பக்கி மண்டபத்துல அதுக்கு மட்டும் கணக்கு இல்லையா?" என்றார். பிறகு, "ஃபோன் வச்சிருக்கியா?"

"இருக்கு."

"சார்ஜ்?"

"இருக்கு, அங்கிள்."

"கெட்ட வார்த்தை வரலாமா?"

"கூடாது."

"அப்ப சின்னதாத்தான் இருக்கும்." தட்டைப் படியில் வைத்துவிட்டு எழுந்தார். முழங்கால் இரண்டும் தனித்தனியாகச் சொடுக்கின. "லாரி படத்துல விழாம எடு. டாங்கர்காரன் சொல்றான்னு அவனுங்க சிரிக்கக்கூடாது. வயல் பக்கம் நிக்கவா?"

"வெயில் முகத்துல படணும். இப்படித் திரும்புங்க."

திரும்பினார். நான் ஃபோனை உயர்த்தினேன். திரையில் அவர் முகம் வந்ததும், "இரு" என்றார்.

லாரியின் பக்கவாட்டுக் கண்ணாடியைப் பிடித்து, கிறீச்சென்று சத்தம் வர, தன் முகத்துக்கு நேராகத் திருப்பினார். கொஞ்ச நேரம் பார்த்தார். சட்டைக் கையால் தாடையைத் துடைத்தார். உள்ளங்கையில் எச்சில் தொட்டு, மிச்சமிருந்த முடியை ஒரு பக்கமாகப் படிய வைத்தார். அது எழுந்தது. மறுபடியும் படிய வைத்தார். அது எழுந்தது. மூன்றாவது தடவையும் எச்சில் தொட்டு, அது படியும்வரை கையை எடுக்காமல் தலைமேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.